பெருங்காயத்திலிருந்து தொடங்குங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில், "இது செலியாக் நோய், இனிமேல் கோதுமை கூடாது" என்று டாக்டர் சொல்லி அண்மையில் வீடு திரும்பியிருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும்,



சொந்தக்காரர்கள் இந்நேரம் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். "நாம என்ன வடநாட்டுக்காரங்களா, ரொட்டி இல்லாட்டி உசுரு போறதுக்கு? மூணு வேளையும் சோத்தைத் தின்னுட்டுப் போவோம்." கேட்க இதமாகத்தான் இருக்கும். அந்த ஆறுதலைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள் என்று சொல்வதற்காகவே இந்த மடல்.

நேற்று உங்கள் வீட்டில் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதிப் பாருங்கள். காலையில் பிள்ளைக்கு ஹார்லிக்ஸ். அதில் பார்லியும் கோதுமையும். டிபனுக்கு ரவா உப்புமா. மத்தியானம் சாம்பார், ரசம், கூட்டு, மூன்றிலும் பெருங்காயம். நாலு மணி டீயோடு பிஸ்கட். ராத்திரி தாத்தாவுக்குச் சர்க்கரை என்பதால் வீட்டுக்கே சப்பாத்தி. சோற்றையும் மோரையும் தவிர எதிலும் கோதுமை இல்லாமல் இல்லை. அரிசி ஊரில் பிறந்தது நமக்குக் கொடுப்பினைதான், மறுக்கவில்லை. ஆனால் 'நாம்தான் கோதுமையே தொடுவதில்லையே' என்ற நினைப்பு இருக்கும்வரை அது எங்கே இருக்கிறது என்று நம் கண்ணுக்குப் படாது. நானும் இதே சீட்டோடு வீடு வந்தவள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நோயைப் பற்றி டாக்டர் சொல்லியிருப்பார். அன்றைய பதற்றத்தில் பாதி காதில் விழுந்திருக்காது. கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது சிறுகுடலுக்குள் போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்கிவிடும். சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை தீராதது, பிள்ளை வயதுக்கேற்ற உயரம் வளராதது, வாய்ப்புண் ஆறாதது எல்லாம் இதனால்தான். இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை அடியோடு நிறுத்துவது ஒன்றே சிகிச்சை. நிறுத்தினால் குடல் தானே ஆறிவிடும். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஆறும். பெரியவர்களுக்கு ஓரிரு வருடம்கூட ஆகலாம்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் டிடிஜி சோதனையும், எண்டோஸ்கோபியில் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் முடிந்துவிட்டதா? முடியாமலே "கோதுமையை நிறுத்திப் பாருங்க" என்று யாராவது சொல்லியிருந்தால், நிறுத்துவதற்கு முன் குடல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தியபின் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். அப்புறம் ஆயுசுக்கும் சந்தேகம்தான்.

"எனக்கு மட்டும் ஏன்? இந்தப் பேரையே யாரும் கேள்விப்பட்டதில்லையே?" என்று தோன்றும். கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மற்ற மருத்துவர்களும் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வடக்கே ஆயிரம் பேருக்கு 8.53 பேரிடம் செலியாக் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு 0.11, அதாவது பத்தாயிரத்துக்கு ஒருவர். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கே 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் சாப்பாட்டுத் தட்டில்தான்: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம். விதை நம் வயலிலும் கிடந்தது, தண்ணீர்தான் பாயாமல் இருந்தது. இப்போது பரோட்டாக் கடையும் பேக்கரியும் இல்லாத கடைத்தெரு டெல்டாவில் உண்டா?

நம் பக்கத்து டாக்டர்களுக்கு இந்த நோய் உடனே நினைவுக்கு வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சத்து உறிஞ்சாமல் பேதியாகி இளைத்துப்போகிற இன்னொரு நோய், வெப்பமண்டல ஸ்புரூ என்பது, தென்னாட்டில் பரவலாக இருந்தது. அறுபதுகளில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொத்துக்கொத்தாக வந்ததை வேலூரில் டாக்டர் பேக்கரும் டாக்டர் மாத்தனும் விரிவாக ஆராய்ந்தார்கள். அது ஃபோலிக் அமிலத்துக்கும் டெட்ராசைக்கிளினுக்கும் கட்டுப்படும். நம் நோய் கட்டுப்படாது. சில வருடம் அலைந்துதான் பெயர் தெரிந்தது என்றால் யாரையும் திட்டிப் பயனில்லை. பெயர் தெரிந்துவிட்டது, அதுவே பாதி.

கோதுமைதான் குற்றவாளி என்று உலகத்துக்குத் தெரிந்த கதையைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறேன். ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, முப்பதுகளிலிருந்தே இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்குக் கோதுமையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், அங்கே ரொட்டியே கிடைக்காமல் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். மற்றவர்கள் வாடியபோது இந்தப் பிள்ளைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார். அதே போரில் நமக்கு நடந்ததோ தலைகீழ். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வந்தது. பெங்களூர் எம்.டி.ஆர். கடையில் ரவா இட்லி பிறந்ததே அந்த அரிசித் தட்டுப்பாட்டில்தான் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. தஞ்சை மராட்டியர் அரண்மனையில் கோதுமைப் பண்டம் இருந்திருக்கும். குடியானவர் வீட்டு அடுப்பில் அது தாராளமாக ஏறியது இப்படித்தான். ஆகவே இன்றைக்கு நீங்கள் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாயியின் மாமியார் எதைச் சமைத்தாரோ அதற்குத் திரும்புகிறீர்கள், பெருங்காயம் நீங்கலாக.

அந்தப் பெருங்காயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம் விளையும் ஒரு செடியின் வேரில் வடியும் பால் அது. அப்படியே போட்டால் காரமும் நெடியும் தாங்காது. அதனால் கோந்தும் மாவும் சேர்த்துப் பிசைந்து கூட்டுப் பெருங்காயமாக்கி விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. தூள் டப்பாவில் மட்டும்தான் மைதா, கட்டிப் பெருங்காயம் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை, கட்டியும் கலவைதான். டப்பாவைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, தேடி வாங்கிக்கொள்ளலாம். கிடைக்கிறவரை பூண்டையும் சீரகத்தையும் தட்டிப் போட்டுத் தாளியுங்கள். பூண்டு சேர்க்காத வீடு என்றால் மிளகும் சுக்கும். முதல் வாரம் ரசம் மொட்டையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டில் வாங்கிவைத்த ஊறுகாய், சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, வற்றல், வடகம் எல்லாவற்றிலும் அதே பெருங்காயம் இருக்கும். அப்பளம் உளுந்து மட்டும்தானா என்று அட்டையில் பாருங்கள்.

"ஒரு சிட்டிகைதானே?" இந்தக் கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்துவையுங்கள், தினம் தேவைப்படும். 2007-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனதற்கே குடல் கெட்டிருந்தது. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது இரண்டு கிராமுக்கு மேல். அந்தத் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான். 'குளூட்டன் இல்லாதது' என்று அட்டையில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பதும் இதனால்தான்.

அடுத்தது தோசைக்கல். சப்பாத்தி போட்ட கல்லில் நோயாளிக்குத் தோசை வார்க்கக் கூடாது. இரும்புக் கல்லின் துளைகளில் எண்ணெயோடு மாவும் ஏறிப்போயிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. புதிதாக ஒரு கல், ஒரு சல்லடை, ஒரு மரக்கரண்டி, ஓர் எண்ணெய்ச் சட்டி வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்குக் கவலையில்லை, நன்றாகக் கழுவினால் போதும். நோயாளியின் மாவு டப்பாக்கள் அலமாரியில் மேல்தட்டில் இருக்கட்டும். கோதுமை மாவு கீழ்த்தட்டில். மாவு பறந்தாலும் கீழேதான் விழும்.

இங்கே சப்பாத்தியைப் பற்றி ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். நம் ஜில்லாவில் சர்க்கரை நோய் வந்தவர்கள் எல்லாரும் ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்குப் போய்விட்டார்கள், ஏதோ கோதுமையில் மாவுச்சத்தே இல்லாததுபோல. மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும். அளவுதான் கணக்கு என்று அவர்கள் டாக்டரே சொல்வார். ஒரே வீட்டில் தாத்தாவுக்குச் சர்க்கரை, பேத்திக்குச் செலியாக் என்றால், தாத்தாவின் சப்பாத்தியைப் பேத்திக்காக மாற்ற முடியுமா என்று தாத்தாவின் டாக்டரிடம் கேளுங்கள். அளவாகச் சோறு, நிறைய கீரை, பயறு என்று மாற்றித் தருவார். வீடு முழுக்க ஒரே அடுப்பு ஒரே மாவு என்று ஆகிவிட்டால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். சிலருக்கு முதல் வகைச் சர்க்கரை நோயும் செலியாக்கும் சேர்ந்தே வரும். அவர்களிடம் போய் "சப்பாத்தி சாப்பிடு" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இனி மாவு மில். அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டு போவீர்கள். உங்களுக்கு முன்னால் நிற்பவர் கையில் கோதுமைப் பை. அவர் அரைத்த அதே இயந்திரத்தில் உங்கள் அரிசி விழுந்தால் கொழுக்கட்டை மாவில் கோதுமை அப்போதே கலந்துவிடும். மில்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: கோதுமைக்குத் தனி மிஷின் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த நேரத்தில் அரிசி மட்டும் ஓட்டுகிறார்? எதற்கும் முன்னால் உங்கள் அரிசியிலேயே கொஞ்சம் ஓட்டச் சொல்லி, அந்த மாவை மாட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆனாலும் முதல் ஆறு மாதத்துக்கு, ரத்தச் சோதனை அளவு இறங்குகிற வரை, மில்லுக்கே போக வேண்டாம் என்பேன். ஈர அரிசியை மிக்ஸியில் அடித்துச் சலித்துக்கொள்ளலாம். இட்லி, தோசை மாவு எப்படியும் வீட்டுக் கிரைண்டரில்தான் ஆகிறது. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு எல்லாம் நல்லவை. முழுத் தானியமாக வாங்கி, கல் பொறுக்கும்போதே கோதுமை மணி கிடக்கிறதா என்று பார்த்து, வீட்டில் அரையுங்கள். கடையில் விற்கும் சத்துமாவைத் தொட வேண்டாம், பெரும்பாலானவற்றில் கோதுமை இருக்கும், பார்லியும் இருக்கும். ஓட்ஸும் இப்போதைக்கு வேண்டாம். அது கோதுமையோடு கலந்தே கடைக்கு வருகிறது. குடல் ஆறியபின் டாக்டரைக் கேட்டு யோசிக்கலாம்.

கவுனி அரிசி பிசுபிசுப்பதைப் பார்த்து அதில் குளூட்டன் இருக்கிறது என்று சிலர் பயந்து ஒதுக்குகிறார்கள். அது மாவுச்சத்தின் பிசுபிசுப்பு. நெல்லில் எந்த ரகத்திலும் குளூட்டன் கிடையாது: பொன்னி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, ஆடுதுறை ரகங்கள், எதுவானாலும் சரி. திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்தி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் திரும்பக் கொண்டுவந்த 'நெல்' ஜெயராமனின் புண்ணியத்தில் இன்று கடைகளில் கைக்குத்தலாகவே பல கிடைக்கின்றன. வெறும் பட்டை தீட்டிய வெள்ளைச் சோறாகவே சாப்பிட்டால் மலச்சிக்கல் பிடித்துக்கொள்ளும். புழுங்கல் சாப்பிடுங்கள், நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ரேஷன் அரிசியில் கலர் மாறித் தெரியும் மணிகளைப் பொறுக்கி எறிய வேண்டாம். அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்து நூறுக்கு ஒன்று என்று கலந்த மணிகள் அவை. ரத்தம் குறைந்து வந்தவர்களுக்கு அது நல்லதுதான். தாலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பிறகு என்னதான் சாப்பிடுவது என்கிறீர்களா? காலை டிபனுக்கு ரவைக்கு முன்னால் இந்த ஊரில் என்ன இருந்ததோ அது. அரிசி உப்புமா. புளி கரைத்துவிட்டு அரிசி மாவில் கிண்டும் புளி உப்புமா. மோர்க்களி, அதற்கு மோர்மிளகாயை நல்லெண்ணெயில் வறுத்துப் போட்டால் யாரும் ரவையைக் கேட்க மாட்டார்கள். தவலை அடை, இடியாப்பம், பிடிகொழுக்கட்டை, அவல், புட்டு. பழைய சோறும் சின்ன வெங்காயமும் இருக்கவே இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் சித்ரான்னம் முழுக்க நம் சாப்பாடு, தாளிப்பில் பெருங்காயத்தை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு, மைசூர் பாகு, ஜாங்கிரி உண்டு. பாதுஷா, சோமாசி, ரவா லட்டு, குலாப் ஜாமூன், தஞ்சாவூர்ச் சந்திரகலா இல்லை. திருவையாறு அசோகாவிலும் பாசிப்பருப்போடு கோதுமை மாவு சேரும். கோதுமை இல்லாமல் பருப்பை மட்டும் நெய்யில் கிண்டி அதையே அசோகா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பண்டம்தான், அசோகா என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளிநாட்டு 'குளூட்டன் இல்லாத' பிஸ்கட், ரொட்டி என்று பெரிய கடைகளில் விற்பதற்கு முதல் மாதமே பணத்தைக் கொட்டாதீர்கள். விலை அதிகம், பாதி மரவள்ளி மாவும் சர்க்கரையும். பிள்ளை பிஸ்கட்டுக்கு ஏங்கினால் எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரியுருண்டை கொடுங்கள்.

வெளியே சாப்பிடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஆரம்பத்தில் வேண்டாம். ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லில்தான் உங்கள் தோசையும் வரும். பூரி பொரித்த எண்ணெயில்தான் உளுந்து வடை. வெளியூர் போக வேண்டியிருந்தால் இட்லியும், உங்கள் வீட்டுப் பொடியும், வாழைப்பழமும் போதும்.

கல்யாணம், காதுகுத்து, கருமாதி மூன்றும்தான் இதைவிடக் கடினம். நம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் வந்தால் அது பகைக்குச் சமம். "எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்களா?" என்று அத்தை ஒருத்தி மூக்கைச் சிந்தினால் சாதாரணமாக ரவா கேசரி உள்ளே போய்விடும். அதனால் பந்திக்கு முன்னாலேயே சமையல்காரரை அடுப்படியில் பாருங்கள். கேட்டரிங் மாஸ்டர்களிடம் "அலர்ஜி" என்றால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். "மைதா, ரவை, பெருங்காயம் மூணும் பட்டா குடல் புண்ணாயிடும், டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டார்" என்று பொருளைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பெருங்காயம் விழுவதற்கு முன் பருப்பு ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்லலாம். சோறு, பருப்பு, நெய், கெட்டித் தயிர், வாழைப்பழம். இலையில் உட்கார்ந்து இவ்வளவு சாப்பிட்டாலே கை நனைத்ததாகத்தான் கணக்கு. பாயசம் சேமியாவா, பாலும் அரிசியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நற்கருணை அப்பம் கோதுமைதான். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று வத்திக்கான் 2017-லும் நினைவூட்டியிருக்கிறது. திராட்சை ரசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு. அப்பத்துணுக்கு போடாத தனிக் கிண்ணத்தில் தரும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். நாகூர்ப் பக்கத்து நோன்புக் கஞ்சி அரிசியும் பாசிப்பருப்பும்தான். வேறு ஏதும் சேர்க்கிறார்களா என்று காய்ச்சுகிறவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கலாம். கூட வரும் சமோசா ஆகாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் காலை உணவைப் பற்றி உடனே கவனிக்க வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது நம் திருக்குவளையில்தான், 2023 ஆகஸ்ட் 25-ல். பசியோடு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது வரம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அதற்கென்று முதலில் வகுத்த பட்டியலைப் பாருங்கள்: ரவா உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவா கிச்சடி, சேமியா கிச்சடி, வெள்ளிக்கிழமை கேசரி. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் இடையிடையே. கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டை மழையில் நனைந்து முளைக்கிற ஜில்லாவில் பிள்ளைகளின் காலைத் தட்டில் ரவை! ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பட்டியலையே மாற்றச் சொல்லவில்லை. டெல்டா மாவட்டங்களிலாவது அரிசிப் பதார்த்தத்தை அதிகமாக்கினால் யாருக்கு நஷ்டம்? நாம் சேர்ந்து கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டிய விஷயம் இது. அதுவரை டாக்டர் சீட்டின் நகலோடு தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், காலை டிபனை வீட்டிலேயே முடித்து அனுப்புங்கள். மத்தியானச் சத்துணவு சோறுதான். சாம்பாரில் பெருங்காயம் போடுகிறார்களா என்று சமையல் அம்மாவிடம் நீங்களே போய்க் கேளுங்கள். என் அனுபவத்தில் அவர்கள் நம்மைவிட அக்கறையாக இருப்பார்கள். அங்கன்வாடிப் பிள்ளைக்குக் கொடுக்கும் சத்துமாவில் கோதுமை உண்டு, அது வேண்டாம்.

முதல் சில வாரங்களில் உடம்பு என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு நாலைந்து நாளிலேயே வயிறு லேசாகும். சிலருக்கு மாதக்கணக்காகும். பசி பிய்த்துக்கொண்டு வரும். அது நல்ல அறிகுறி, சோற்றை ஒரு கரண்டி கூடப் போடுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பலாம். புண்ணான குடலுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாது, ஆறியதும் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அதுவரை தயிர், மோர். இரும்பு, பி12, வைட்டமின் டி மாத்திரைகளை "சாப்பாடே மருந்து" என்று நிறுத்திவிட வேண்டாம். எங்கேயாவது தெரியாமல் உள்ளே போய்விட்டால் வயிறு காட்டிக்கொடுக்கலாம், காட்டாமலும் இருக்கலாம். அதனால்தான் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் ரத்தச் சோதனை. எரிச்சலும் அழுகையும் வரும். பரோட்டாக் கடை வாசலில் பத்து வயதுப் பையன் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். திட்டாதீர்கள்.

இன்னொன்று, பெண்பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு. "கல்யாணம் ஆகணும், வெளிய சொல்லாதீங்க" என்று பெரியவர்கள் வாயை அடைப்பார்கள். அடைபடாதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைப்பதே சொஜ்ஜி, பஜ்ஜி. சொஜ்ஜி என்பது ரவைதான். அன்றைக்கு மறைத்தால் அந்தப் பெண் மாமியார் வீட்டில் வருடம் முழுக்க மறைத்தே சாப்பிட வேண்டியிருக்கும். கோதுமையைத் தொடாமல் இருக்கிறவரை அவள் மற்ற எந்தப் பெண்ணையும்போல ஆரோக்கியமாக இருப்பாள், பிள்ளை பெறுவாள். தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் ரத்தசோகையும் கருச்சிதைவும். அதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லித்தான் சம்பந்தம் பேச வேண்டும். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இது மரபணு வழி வருவது என்பதால் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்க மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு உண்டு, வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும். ஒரே நாளில் குடும்பத்தோடு போய் டிடிஜி சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. முடிவு வரும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தவும் கூடாது. ஆகவே உங்கள் தம்பி முந்தின ராத்திரி பரோட்டா தின்றுவிட்டு வந்தால் அதற்காக அவனோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி